முன்னுரை சார்

என் தம்பிக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஊரில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. ‘முன்னுரை சார்’ என்றால்தான் தெரியும். கையில் ஒரு தடிமனான கவரோடு வருகிறவர்கள் தெருமுனை மருந்துக் கடையில் நின்று, “முன்னுரை சார் வீடு எதுங்க?” என்று கேட்பார்கள். கடைக்காரர் பேசக்கூட மாட்டார், கையை மட்டும் நீட்டிக் காட்டுவார். அவருக்கும் ஒரு கவிதைத் தொகுப்பு உண்டு. அதற்கு முன்னுரை எழுதியதும் என் தம்பிதான்.

அவன் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். வேலை ஆங்கிலத்துக்கு, உயிர் தமிழுக்கு. இதனால் இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கினான். தமிழ்த் துறையில், “இங்கிலீஷ்காரருக்கு நம்ம பக்கத்துல என்ன வேலை?” என்றார்கள். ஆங்கிலத் துறையில், பதவி உயர்வுக்காக அவன் கொண்டுபோன ஃபைலைத் தலைவர் புரட்டிப் பார்த்தாராம். உள்ளூர்க்காரர்கள் எழுதிய புத்தகங்கள், இவன் எழுதிய முன்னுரைகள், இவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கதைகள் எல்லாம் அதில் இருந்தன. “எல்லாம் சரி சார், இது எந்தக் கணக்குல வரும்?” என்று கேட்டிருக்கிறார். எந்தக் கணக்கிலும் வரவில்லை. இவனுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

நான் அவனுடைய அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், அதிலிருந்து தம்பியோடுதான் இருக்கிறேன். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் பெண் பார்க்கப் போனோம். கொஞ்சம் தனியாகப் பேசுங்கள் என்று விட்டார்கள். “கடைசியா என்ன படிச்சீங்க?” என்று கேட்டிருக்கிறான். அவள் “பி.காம்” என்றிருக்கிறாள். திரும்பி வரும் வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அந்தப் பெண் இப்போது ஒரு வங்கியில் மேனேஜர். நல்லவேளை, பிழைத்தாள்.

சனிக்கிழமை மதியம் அவனுக்கு வேறு உலகம். கல்லூரியில் ஆங்கிலத் துறையின் பின்னறை. நீளமான ஒரு மேஜை, கால் ஆடும் நாற்காலிகள், கதவு மூடாத இரும்பு அலமாரி, சுற்றும்போது முனகுகிற மின்விசிறி. எழுதுகிறவர்கள் அங்கே கூடுவார்கள். அவர்களுக்கு இவன் ஒரு ரூல் வைத்திருந்தான். எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது. வேறொருவர்தான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்கும்போதும் படித்து முடித்த பிறகும் எழுதியவர் வாய் திறக்கவே கூடாது. “நான் என்ன சொல்ல வந்தேன்னா” என்று யாராவது ஆரம்பித்தால் போச்சு, கையைத் தூக்கி நிறுத்திவிடுவான். புத்தகத்தோடு நீங்களும் கூடவே போய் எல்லார் வீட்டிலும் உட்கார்ந்து விளக்கம் சொல்வீர்களா என்று கேட்பான். படிக்கிறவர் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறாரோ அந்த வாக்கியம் தப்பு. உடனே சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு கோடு போடுவான். அது வேதம். வக்கீல்களும் வாத்தியார்களும் அந்த அறையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. யாரையும் நேரில் பாராட்ட மாட்டான். ஒன்று பிடித்திருந்தால் “முன்னுரையில எழுதுறேன்” என்பான், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வெள்ளை யூனிஃபார்மில் வந்து நின்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஷூ பெருசா இருக்கு” என்றான். பல வருடம் கழித்து என் பணி ஓய்வு மலரில் ஒரு பக்கம் எழுதினான் பாருங்கள், நர்ஸுகள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் எனக்குக் கோபம்தான் அதிகம். அத்தனை வருடம் ஒரே சமையலறையில் புழங்கியிருக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?

முன்னுரையிலும் ஒரு கிறுக்கு. எழுதியவர் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் குறிப்பிடவே மாட்டான். “அதான் அட்டையிலயே இருக்கே” என்பான். இந்தக் கிறுக்குதான் பின்னால் வினையாக வந்தது.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பெண் வர ஆரம்பித்தாள். சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். நாற்பதைத் தாண்டிய வயது. முடியை இறுக்கி முடிந்திருப்பாள், மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் ‘பிரேக் மேடம்’ என்பார்கள். கற்றுத்தருகிற காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்குமல்லவா? அதன் மேல் கால் வைத்தே உட்கார்ந்திருப்பாளாம், ஆனால் லேசில் மிதிக்க மாட்டாளாம்.

அவள் கதைகள் எல்லாம் அந்தக் காருக்குள்ளேதான் நடக்கும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எப்போதும் எவராவது எழுதியது கிடக்கும், நான் எடுத்துப் படிப்பேன். பெரும்பாலும் நாலு பக்கத்தில் கொட்டாவி வந்துவிடும். இவளுடையதைப் படித்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஒரு கதையில் வயதான ஒருவர் கார் கற்றுக்கொள்ள வருகிறார். அதுவரை மனைவிதான் ஓட்டியிருக்கிறாள், இப்போது அவளுக்குக் கண் தெரிவதில்லை. சொல்லித்தருகிறவள் எவ்வளவு சொல்லியும், காரணமே இல்லாத இடங்களில் அவர் வண்டியை மெதுவாக்குகிறார். கடைசியில் பார்த்தால், அதெல்லாம் மனைவி மெதுவாக்குகிற இடங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பழகியிருக்கிறார். நான் எத்தனையோ நோயாளிகளையும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தவள். அந்தக் கதையைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய்ச் சும்மா நின்றேன்.

“எப்படிடா இருக்கு?” என்று தம்பியைக் கேட்டேன்.

“முன்னுரையில எழுதுறேன்” என்றான். ஆனால் அன்று ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை. எனக்குப் புரிந்தது. இத்தனை காலமும் அவன் சல்லடை போட்டுச் சலித்ததெல்லாம் இப்படி ஒருத்திக்காகத்தான். அவளுடைய முதல் புத்தகத்துக்கு அவன் எழுதிய முன்னுரையைப் போல இன்னொன்றை அவன் எழுதியதில்லை. எழுதி, அடித்து, திரும்ப எழுதி, என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டான்.

அதே சமயத்தில் ஒரு வக்கீலின் நாவலுக்கும் முன்னுரை எழுத வேண்டியிருந்தது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புகிற கதை. சுவர் முடிவதற்குள் நமக்கு ஆயுசு முடிந்துவிடும், அவ்வளவு நீளம். அதற்கு மரியாதையாக ஒன்று எழுதினான். ‘நீதிமன்ற வராந்தாவை நன்றாக அறிந்தவர்’ என்று கொஞ்சம் தூக்கிவிட்டு, ‘சொன்னதையே திரும்பச் சொல்வதைக் குறைத்திருக்கலாம், வாசகரை நம்ப ஆசிரியர் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று நாசூக்காகக் குட்டு வைத்தான்.

இரண்டு புத்தகமும் ஒரே அச்சகத்தில், ஒரே வாரத்தில். இரண்டு முன்னுரையிலும் பெயர் கிடையாது. அச்சகத்துக்காரர் இதை அங்கேயும் அதை இங்கேயும் போட்டுவிட்டார்.

வெளியீட்டு விழாவும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மேடையில். நூலகத்தின் மாடி அரங்கு. புத்தகங்கள் அச்சகத்திலிருந்து நேராக மேடைக்கு வந்தன, கட்டுகூடப் பிரிக்கவில்லை. என் தம்பி மேடையில் ஓரமாக, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தமிழ்த் துறைத் தலைவர் சிறப்பு விருந்தினர். அந்த மனிதர் எந்தப் புத்தகத்திலும் முன்னுரையைத் தாண்டிப் போனதில்லை. மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மூலையில் நின்று முன்னுரையைப் படிப்பார், பிறகு அதையே சொந்தச் சரக்காக எடுத்து விடுவார்.

முதலில் வக்கீலின் நாவல். பிரேக் மேடம் இன்னும் வந்து சேரவில்லை. “இந்த நாவலில் இரண்டாவது பிரேக் என்று ஒன்று வருகிறது” என்று ஆரம்பித்தார். “ஸ்டியரிங் ஒருவர் கையில், பிரேக் இன்னொருவர் காலில். ஆகா, என்ன படிமம்!” நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாகப்பிரிவினை நாவலில் ஸ்டியரிங் எங்கே வந்தது? வக்கீலைப் பார்த்தேன். ஆள் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருக்கிறார். என் தம்பி செருப்பிலிருந்து பார்வையை எடுத்தான்.

அடுத்தது, அப்போதுதான் ஒரு கிளாஸை முடித்துவிட்டு வந்து மேடை ஏறிய பிரேக் மேடத்தின் கதைகள். “நீதிமன்ற வராந்தாவை நன்றாக அறிந்தவர் இந்த அம்மா” என்றார். “ஆனாலும் சொன்னதையே திரும்பச் சொல்வதை இவர் குறைக்க வேண்டும் என்று சார் முன்னுரையில் அன்பாகக் கண்டித்திருக்கிறார்.” அரங்கில் சிரித்தார்கள். அவள் புத்தகத்தைத் திறந்து முன்னுரையைப் பார்த்தாள். ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம். மூடி மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவளைப் பேசக் கூப்பிட்டபோது, “எல்லாருக்கும் நன்றி. அஞ்சு மணிக்கு ஒருத்தருக்கு கிளாஸ் இருக்கு” என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

வக்கீல் ஏற்புரைக்கு எழுந்தார். “இந்த நாவலை எழுதினப்ப எனக்கே தெரியாத ஒண்ண சார் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கார். சட்டம்தான் சமூகத்தோட இரண்டாவது பிரேக். நான் எங்கயும் அதைச் சொல்லல. சார் என் மனசுக்குள்ள புகுந்து படிச்சிருக்கார்” என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

அப்போது என் தம்பி எழுந்து மைக்கைப் பிடித்தான். “முன்னுரை ரெண்டும் மாறிப் போயிருக்கு” என்றான். பிறகு யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சாருக்கு நகைச்சுவை அதிகம் என்று தொகுத்து வழங்கியவர் சொன்னார். கீழே தேநீர் தயாராக இருக்கிறது என்றும் சொன்னார். கூட்டம் மாடிப்படியை நோக்கி நகர்ந்தது. அவன் மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தவள் நான், அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். “அந்தப் பொண்ணுக்கு ஒரு ஃபோன் போடு. மாறிப் போச்சுன்னு சொல்லு.”

“புத்தகம் அவங்க கையிலதான் இருக்கு. மேடையிலயே திறந்து பார்த்தாங்க. படிச்சிருந்தா அவங்களே கேட்டிருக்க மாட்டாங்களா?”

“வருத்தத்துல இருப்பாடா.”

“வருத்தம் இல்லக்கா. அவங்களும் படிக்கல. புரட்டிப் பார்த்தாங்க, அவ்வளவுதான். வக்கீல் படிக்கல, தலைவர் புரியாம படிச்சார். அவங்க ஒருத்தராவது படிப்பாங்கன்னு நெனச்சேன்.” செருப்பைக் கழற்றி மூலையில் விட்டான். “இவ்வளவு வருஷம் யாருக்குக்கா எழுதினேன்?”

அடுத்த நாள் வக்கீலுக்கு ஃபோன் செய்தான். முன்னுரையை மட்டும் கிழித்துவிட்டுச் சரியானதை ஒட்டித் தரலாம் என்று கெஞ்சினான். வக்கீல் மறுத்துவிட்டார். “எனக்கு இதுவே நல்லா பொருந்துது சார். படிச்சவங்க எல்லாம் பாராட்டுறாங்க” என்றாராம். போதாக்குறைக்கு ஏதோ ஒரு அமைப்பு அந்த நாவலுக்குப் பரிசும் கொடுத்தது. பாராட்டுப் பத்திரத்தில் இரண்டாவது பிரேக் இருந்தது. அச்சகத்துக்காரரோ, விற்றால்தானே மறுபதிப்பு என்று கையை விரித்துவிட்டார்.

அவள் சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. அவள் ஒரு நாவல் பாதி எழுதி வைத்திருந்தாள், முதல் அத்தியாயங்களை அந்த அறையில் படித்திருந்தார்கள். மீதி வருமா என்று இவன் ஒவ்வொரு வாரமும் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். பிறகு ஒரு நாள் அலமாரியில் இருந்த அத்தனை பேருடைய எழுத்தையும் பையில் கட்டிக் காவலாளியிடம் கொடுத்து, கேட்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தண்ணி தெளித்தாயிற்று.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஊரில் பாதிப் பேர் அட்டையில் தன் பெயரைப் பார்த்தது இவனால். ஒருத்தராவது வந்து, “என்ன சார், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டிருக்கலாம். வந்தார்கள், வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கவரோடு வந்தார்கள்.

அவன் சனிக்கிழமை வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் எனக்குச் சனி பிடித்தது. உப்பு கூட என்றான், குறைவு என்றான். சமையலறை டப்பாக்களுக்கு எல்லாம் பெயர் எழுதி ஒட்டினான். உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று ஒட்டியதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முன்னுரையில் எழுத வேண்டிய பெயரை எழுத மாட்டானாம், கண்ணாடி டப்பாவில் கண்ணுக்குத் தெரிகிற உப்புக்குப் பெயர் எழுதுவானாம்.

மறுநாள் காலையில் நேராகப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

தெருவைப் பார்த்த ஒற்றை அறை. சுவரில் சாலைக் குறிகள் போட்ட ஒரு படம், மேஜையில் தண்ணீர் பாட்டில், வெளியே எல் போர்டு வைத்த பழைய வெள்ளைக் கார். நான் யாருடைய அக்கா என்று அவளுக்குத் தெரியும். விழாவில் இரண்டாவது வரிசையில் பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. “இந்த வயசுல எதுக்குக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“வீட்ல இருக்க முடியல” என்றேன். பொய் இல்லை.

நல்ல வாத்தியார். கத்த மாட்டாள். “ஸ்டியரிங்க இவ்வளவு இறுக்கிப் புடிக்காதீங்கக்கா, அது எங்கயும் ஓடிப் போயிடாது” என்பாள். “கண்ணாடியப் பாருங்க. உங்க மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்ற வண்டிய.” கிளட்சை நான் படுத்திய பாட்டுக்கு வேறு யாராவது இருந்திருந்தால் காரை விட்டே இறங்கி ஓடியிருப்பார்கள். நான் நாலு சாலை சந்திப்பைத் திணறாமல் தாண்டிய அன்று, ஓரமாக நிறுத்தச் சொன்னாள். அந்தச் சமயத்தைத்தான் பிடித்துக்கொண்டேன்.

“நாவல் எழுதிட்டிருந்தீங்களாமே?”

“எழுதினேன். இப்ப இல்ல.”

“ஏன்?”

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். “சார் என் கதையப் படிக்கவே இல்லக்கா. கோர்ட்டு வராந்தான்னு எழுதியிருக்கார். நான் கோர்ட்டு வாசலக்கூட மிதிச்சதில்ல. நேர்ல ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், முன்னுரையில எழுதுவார்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்காகத்தான் காத்திருந்தேன். படிச்சவர்னு நான் நம்பின ஒரே ஆள் அவர்தான்.”

“அப்படின்னா கேட்டிருக்கலாமே? ‘என்ன சார் இது?’ன்னு நேராப் போய் சண்டை போட்டிருக்கலாமே?”

“எழுதினவங்க வாய் திறக்கக் கூடாது. சார் வச்ச ரூல்தானே அது?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவள் ரூலைக் காப்பாற்றிக்கொண்டு இங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அங்கே அவன், இவள் படிக்கவில்லை என்று உப்பு டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. இரண்டு பேரையும் ஒரே வார்டில் போட்டு ஊசி போட வேண்டும் போலிருந்தது.

“மாறிப் போச்சும்மா. அச்சகத்துல மாத்திப் போட்டுட்டான். உன்னோடது வக்கீல் புத்தகத்துல இருக்கு.” கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நம்பாத சிரிப்பு. “தம்பிக்காகப் பேசுறீங்க. மாறிப் போச்சுன்னா அவர் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அதே கேள்வியைத்தான் நானும் அவனிடம் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வரை பொறுத்தேன். “லைசென்ஸ் டெஸ்டுக்கு முன்னாடி வீட்ல இருக்கிற ஒருத்தர் பின் சீட்ல உட்காந்து பாக்கணுமாம்” என்று தம்பியிடம் சொன்னேன்.

“அப்படியா? எதுக்கு?”

“ரூல்” என்றேன்.

ரூல் என்றால் அவனுக்குப் போதும். சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். எந்த டிரைவிங் ஸ்கூல் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. காரைப் பார்த்ததும் நின்றான். அவளும் பார்த்தாள். “வாங்க சார்” என்றாள். “ம்” என்றான். பின் கதவைத் திறந்து ஏறி, இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறவர்கள்கூட இதைவிடத் தெம்பாக இருப்பார்கள்.

வண்டியை எடுத்தேன். மார்க்கெட் தெருவைத் தாண்டி அகலமான சாலைக்கு வந்ததும் என் கைப்பையைக் காட்டினேன். “மேடம், அதுக்குள்ள வக்கீலோட புத்தகம் இருக்கு. எடுங்க. முன்னுரையப் படிங்க. வாய்விட்டு.”

“அக்கா” என்றான் பின்னாலிருந்து.

“நீ பேசக் கூடாது. இன்னைக்கு சனிக்கிழமை. எழுதினவன் வாய் திறக்கக் கூடாது.”

அவன் வாயை மூடினான். அவள் புத்தகத்தைப் பிரித்தாள். முதலில் சும்மா ஒரு நோட்டீஸைப் படிப்பதுபோல ஆரம்பித்தாள்.

“கற்றுத்தருபவரின் காலடியில் இருக்கும் பிரேக்கைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஸ்டியரிங் இன்னொருவர் கையில் இருக்கிறது, வேகமும் இன்னொருவர் காலில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது அந்த ஒரு பிரேக்தான்.”

நிறுத்தினாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வக்கீலின் பெயர்தான் இருந்தது. மறுபடி பக்கத்துக்கு வந்தாள், இப்போது குரல் மெதுவாகிவிட்டது.

“இந்தக் கதைகளைச் சொல்பவர் அந்தப் பிரேக்கின் மேல் எப்போதும் கால் வைத்திருக்கிறார், அவசரப்பட்டு மிதிப்பதில்லை. மனைவி ஓட்டிய தெருக்களில் ஒரு முதியவர் காரணமில்லாமல் வேகம் குறைக்கும்போது, நாமாக இருந்தால் ஏன் என்று கேட்டிருப்போம். இவர் கேட்காமல் விடுகிறார். அந்தக் கிழவர் தன் மனைவியோடு இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் என்று விடுகிறார்.”

நான் சாலையைப் பார்ப்பதை விட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு லாரி வளைந்தது எனக்குத் தெரியவே இல்லை. வண்டி குலுங்கி நின்றது. என் கால் பிரேக்குக்கே போகவில்லை. அவள்தான் மிதித்திருக்கிறாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“ஓரமா நிறுத்துங்கக்கா” என்றாள். நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். அவள் தொடர்ந்து படித்தாள்.

“இத்தனை காலமும் மற்றவர்கள் எழுதியதை நான் படித்துவந்தது எதற்காக என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்று வந்தால் எனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக…”

அங்கே தடுக்கினாள். அந்த வரியைத் திரும்ப ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் என் தம்பி சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டான். முன்னால் குனிந்து புத்தகத்தை நோக்கிக் கையை நீட்டுகிறான். படிக்கிறவர் தடுக்கினால் வாக்கியம் தப்பு. இந்தப் பாவிக்கு இப்போதும் அதுதான் தோன்றுகிறது.

“டேய், அந்த வரியில கை வச்ச, இப்படியே நடுரோட்ல எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்” என்றேன்.

“இல்லக்கா, அவங்க ரெண்டு தடவ நின்னுட்டாங்க. வாக்கியம் நீளம். ஒடச்சுப் போட்டா…”

“வாக்கியம் சரியாத்தான் இருக்கு சார்” என்றாள் அவள், திரும்பாமலே. “நீங்க பேசக் கூடாது.”

அவன் கை அந்தரத்தில் நின்றது. பிறகு பென்சிலை மெதுவாகப் பைக்குள் வைத்தான். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை இன்னும் கிட்டத்தில் பிடித்து, அந்த வரியை முதலிலிருந்து படித்தாள்.

மறுபடியும் அதே இடத்தில்தான் நின்றாள்.